சிபேப் மெஷினால் காது அடைத்தால் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்

என் அம்மாவுக்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் கோளாறு, இருப்பது கோவையில் எடுத்த தூக்கப் பரிசோதனையில் தெரியவந்தது. மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டால் அதைக் கடுமையான நிலை என்பார்கள். அம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்த எண் அதைத் தாண்டியிருந்ததால் டாக்டர் சிபேப் மெஷினுக்கு எழுதிக் கொடுத்தார். தூங்கும்போது மாஸ்க் வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் மெஷின் அது. அந்தச் சிகிச்சை அவருக்குத் தேவைதான், இன்றும் அதைப் பயன்படுத்துகிறார். மெஷினை விற்றவர்களும், அதனால் வந்த காதுத் தொந்தரவுக்காக நாங்கள் போன காது மிஷின் கடையினரும் நடந்துகொண்ட விதத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

மெஷினைப் பொருத்த வீட்டுக்கு வந்த விற்பனையாளர், காற்றழுத்தத்தைக் கம்பெனியிலிருந்து வந்தபடியே 4 முதல் 20 வரை (சென்டிமீட்டர் நீர் அழுத்த அளவில்) என்று விட்டுவிட்டுப் போனார். தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை என்பதால் வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்றார். மூக்கில் அலர்ஜி உண்டா, காதில் ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. அம்மாவுக்கோ பல வருடங்களாகக் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் உண்டு. காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையருக்கும் சேர்த்து பில் போட்டிருந்தார்கள். பொருள் எங்கே என்று கேட்டால், ஸ்டாக் வந்ததும் தருகிறோம் என்றார்கள்.

சில வாரங்களிலேயே அம்மாவுக்கு வலது காது அடைக்கத் தொடங்கியது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் காதுக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்பதாகவும், தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல ஒலிப்பதாகவும் சொன்னார். போனை இடது காதுக்கு மாற்றி வைத்துப் பேசத் தொடங்கினார். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு சிறு குழாய் போகிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தத்தைச் சமன் செய்கிறது. மாஸ்க் வழியாக இரவெல்லாம் அழுத்தத்துடன் வரும் காற்று அந்தக் குழாய் வழியே நடுச்செவிக்கும் போகக்கூடும். அலர்ஜியாலோ சளியாலோ குழாயின் வாய் வீங்கியிருந்தால் அழுத்தம் சமனாகாமல் வலியும் அடைப்பும் வரும், உள்ளே நீரும் கோக்கும்.

இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விற்பனையாளர், எத்தனை முறை போன் செய்தாலும் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை அனுப்பிவைத்த டெக்னீஷியன் மாஸ்க்கின் பட்டைகளை இன்னும் இறுக்கிவிட்டு, அதற்கென்று சர்வீஸ் சார்ஜும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அம்மாவின் மூக்குத் தண்டு சிவந்து கன்றிப் போயிருந்ததுதான் கண்ட பலன்.

அவர்களே கைகாட்டிய காது மிஷின் கடையில் நடந்தது இதைவிட மோசம். தெருச் சத்தம் கேட்கும் அறையில் ஹெட்போன் மாட்டி ஒரு சோதனை செய்துவிட்டு, இரண்டு காதிலும் நரம்பு தளர்ந்துவிட்டது என்றும், உடனே காது மிஷின் போடாவிட்டால் இருக்கும் கேட்கும் திறனும் போய்விடும் என்றும் அம்மாவைப் பயமுறுத்தினார்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லி, அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று நெருக்கினார்கள். காதுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கக்கூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பணம் கட்டாமல் வெளியே வந்து ஒரு இ.என்.டி. டாக்டரைப் பார்த்தோம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். சத்தம் புகாத அறையில் எடுத்த ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனையில், நடுச்செவியைத் தாண்டி நேராக உள்காதுக்குப் போகும் எலும்பு வழியாகக் கேட்கும் திறன் வயதுக்கேற்ற அளவில் நன்றாகவே இருந்தது. வலது காதில் காற்று வழியாகக் கேட்கும் திறன் மட்டும் குறைந்திருந்தது. நடுச்செவியின் அழுத்தத்தை அளக்கும் டிம்பனோமெட்ரியில் அந்தக் காதின் கோடு தட்டையாக வந்தது. செவி நரம்பில் கோளாறு இல்லை, தடை நடுச்செவியில் இருக்கிறது என்பதே இதன் பொருள். காது மிஷின் கடையில் எலும்பு வழிச் சோதனையே செய்யாமல் நரம்புத் தளர்ச்சி என்று சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு தூக்கச் சிகிச்சை டாக்டர் மெஷினின் மெமரி கார்டைப் பார்த்தபோது, சில இரவுகளில் அழுத்தம் 16, 17 வரை ஏறியிருந்தது. அழுத்தத்தைக் கணிக்கும் பரிசோதனையை முறையாகச் செய்து மேல் வரம்பை 11 ஆகக் குறைத்தார். மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் சற்றே தணியும் வசதியையும் இயக்கினார். அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே, வேறு அளவு மாஸ்க், வெளியில் வாங்கிய ஹியூமிடிஃபையர் என்று எல்லாம் சேர்ந்தபின் அடைப்பு மெல்லக் குறைந்தது. அம்மா இப்போது வலது காதில் போன் பேசுகிறார்.

ஆகவே மெஷின் வாங்குகிறவர்கள், எந்த அழுத்தம் என்பதை டாக்டரின் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, காதில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். காது அடைத்தால் நீங்களாகவே மெஷினை நிறுத்திவிடாமல், டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். இன்னொன்றை மிக முக்கியமாகச் சொல்ல வேண்டும்: ஒரு காது ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று கேட்காமல் போனாலோ, கூடவே இரைச்சலோ தலைசுற்றலோ வந்தாலோ, அதை மெஷினால் வந்த அடைப்பு என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. அது உள்காது பாதிப்பாக இருக்கலாம். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள், முடிந்தவரை சீக்கிரமாகத் தொடங்கினால்தான் பலன் அதிகம். அன்றே இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள்.

தராத ஹியூமிடிஃபையருக்கான பணத்தை விற்பனையாளர் இன்னும் திருப்பித் தரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, பில்லையும் இரண்டு ஆடியோகிராம்களையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.