யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனருக்குப் பவர் ஸ்ரியறிங் கொலம்: லீவில் போகிறவர்களுக்கு

வீட்டில் நிற்கும் மைனருக்குப் பூட்டவென்று லண்டனிலிருந்து பவர் ஸ்ரியறிங் கொலம் (மின் மோட்டர் பூட்டிய ஸ்ரியறிங் தண்டு) கட்டிக்கொண்டு போகமுதல், ஊரில் இருக்கிற யாரையாவது கொண்டு முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி ஸ்ரியறிங்கைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சில்லு நிலத்தில் முட்டாதபோதும் இறுக்கமென்றால் பெரும்பாலும் ட்ரனியனில், அதாவது முன்சில்லைத் தாங்கித் திரும்பவிடும் புரிபோட்ட மூட்டில், கிரீஸ் இல்லை. கிரீஸ் அடிக்கப் பக்கத்துக்கு இரண்டு நிப்பிள், மேலொன்று கீழொன்று. கிரீஸ் காணாத ட்ரனியனின் புரி தேய்ந்து கழன்றால் சில்லு மட்கார்ட்டுக்குள் மடிந்துவிடும். முதலில் கிரீஸ் அடியுங்கள்; பலருக்குப் பவர் ஸ்ரியறிங்கே தேவைப்படாது.

பிறகும் வேண்டுமென்றால், மைனருக்கு இங்கிலாந்தில் பரவலாக மாற்றிப் பூட்டுவது வொக்ஸோல் கோர்சா சி காரின் கொலம். திறப்போடு வாங்குங்கள். திறப்பில்லாத ஸ்ரியறிங் லொக்கைக் கழற்றாமல் விட்டால் ஓட்டத்தில் பூட்டிக்கொள்ளும். கீழ் ஜொயின்றின் பல்லு, மைனரின் ராக்கின் (சில்லுகளைத் திருப்பும் பல்லுச் சட்டத்தின்) பல்லோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்து முடித்துவிடுங்கள். பொருந்தாததை யாழ்ப்பாணத்தில் வெல்ட் பண்ணலாம் என்பார்கள். ஸ்ரியறிங் தண்டில் வெல்டிங் வேண்டாம். சூட்டில், கை திருப்பும் விசையை மோட்டருக்குச் சொல்லும் உள்ளேயிருக்கும் சென்சரும் போய்விடும்.

பழைய கொலத்தைக் கழற்ற, கீழே ராக்கின் தலையிலுள்ள போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். புதியதைத் தாங்கும் பிளேட் 5 மில்லிமீற்றராவது இருக்கட்டும், மெல்லியது முறுகும். இரண்டு ஜொயின்றின் கவைகளும் ஒரே நேரில் நிற்க வேண்டும். மாறி நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் ஸ்ரியறிங் பிடித்துப் பிடித்து விடும்.

போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக்காட்டிய ஊர் இது. கடைச்சலிலும் காபுரேற்றரிலும் எங்கள் மெக்கானிக்மார் கெட்டிக்காரர். வில்லங்கம் வயரிங்கில்தான். மைனர் பொசிற்றிவ் ஏர்த், பற்றறியின் பொசிற்றிவ் தலைதான் பொடியோடு சேர்ந்திருக்கும். கோர்சா மோட்டர் நெகற்றிவ் ஏர்த், அதற்கு மறுதலை. அப்படியே கொடுத்தால் மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகும். பற்றறியைத் திருப்பி, கொயிலின் இரண்டு வயரையும் மாற்ற வேண்டும். பற்றறித் தலைகள் இரண்டும் ஒரே பருமன் இல்லாததால் கிளிப்பும் மாற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்க விடாதீர்கள்.

மைனரில் பற்றறியைச் சார்ஜ் பண்ணும் லூக்காஸ் சி40 டைனமோ தருவது 22 அம்பியர். நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டர் அதைவிடக் கூட இழுக்கும். இரவில் லைற் மங்கும். டைனமோவுக்குப் பதிலாக, அதைவிடக் கூடக் கரண்ட் தரும் ஒல்ரனேற்றர் போடாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் சிறிய ஜப்பான் கார்களின் பழைய ஒல்ரனேற்றர் எடுக்கலாம், பிராக்கெற்றை லேத்தில் செய்வார்கள். பற்றறியிலிருந்து மோட்டருக்கு நேராக 10 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றறிக்குப் பக்கத்திலேயே 60 அம்பியர் பியூஸ். இதை இக்னிஷன் வயரில் கொழுவப் பார்ப்பார்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

முடிந்ததும் மறுபடி ஜக்கில் தூக்கி, ஸ்ரியறிங்கில் கை வைக்காமல் இக்னிஷனைப் போடுங்கள். தானாக ஒரு பக்கம் திரும்பினால் சென்சர் நடுவில் இல்லை, ரோட்டில் இறக்கக் கூடாது. இருநூறு கிலோமீற்றர் ஓடியபின் போல்ட் எல்லாம் திரும்ப இறுக்க வேண்டும். ஆகவே பிளேனுக்கு முதல் கிழமையில் காரைக் கராச்சில் விடாதீர்கள்.