பௌர்ணமிக்கு ஒரு பாட்டா, ஒரே நாளில் பன்னிரண்டா?

2023 டிசம்பரில் ஒரே ஒரு சிடி வாங்குவது என்று எனக்கு நானே வரம்பு போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டு சிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது. தட்டு மட்டும் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால்தான் வெளியே வரும். போட்டியில் இருந்தவை இரண்டு. அக்டோபர் 20 அன்று வந்த, பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹேக்னி டைமண்ட்ஸ்’, டிசம்பர் 1 அன்று வந்த, பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ‘ஐ/ஓ’. இரண்டும் முழுசாக ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும்போது எதற்குக் காசு என்று கேட்டால் பதில் இல்லை. ஆசைதான்.

வாங்கியது கேப்ரியல். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னொரு சாய்வும் உண்டு. கேப்ரியலை நான் முதலில் பார்த்ததே 1993-ல் பதிவான ஒரு மேடை நிகழ்ச்சியின் வீடியோவில். அதில் வயலின் வாசித்தவர் நம் எல். சங்கர். அந்த வயலினுக்காகப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

இரண்டையும் அருகருகே வைக்கக் காரணம் இருக்கிறது. ஸ்டோன்ஸ் சொந்தப் பாடல்களோடு ஆல்பம் போட்டு 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. கேப்ரியல் போட்டு 21 ஆண்டுகள். இடையில் இருவரும் பிறர் பாடல்களைப் பாடி ஒப்பேற்றினார்கள். ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகருக்கு வயது 80, கேப்ரியலுக்கு 73. இரண்டு ஆல்பத்திலும் 12 பாடல்கள். இரண்டுமே பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. குரல் போய்விட்டதா என்றால், இருவருக்கும் இல்லை. ஜாகருக்கு எப்படிப் போகவில்லை என்பதுதான் மர்மம். இளமையில் போட்டவற்றுக்கு ஈடாகுமா? ஆகாது. இதை ரொம்ப நேரம் பேச வேண்டியதில்லை.

முதலில் ஸ்டோன்ஸ். ஹேக்னி டைமண்ட்ஸ் என்பது லண்டன் தெருப் பேச்சு. கார் கண்ணாடியை உடைத்துத் திருடிய பிறகு தரையில் சிதறிக் கிடக்கும் சில்லுகளைத்தான் வைரம் என்கிறார்கள். பெயரிலேயே குசும்பு. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட், இவர்களுக்குப் பேரன் வயது. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அவர் முன்பே வாசித்து வைத்திருந்த இரண்டு பாடல்கள் இதில் இருக்கின்றன. அதில் ஒன்றில், முப்பது ஆண்டுகளுக்கு முன் விலகிப்போன பில் வைமன் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். எல்டன் ஜான் பியானோ, பால் மெக்கார்ட்னி பேஸ், ஸ்டீவி வொண்டர் கீபோர்டு, லேடி காகா குரல். கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்கிறவர்கள் மாதிரி ஒரு வரிசை.

முதல் பாட்டு ‘ஆங்க்ரி’ அரை நிமிடத்துக்குள் கிட்டார், குரல், கோபம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் கணக்கில் ஏறும். அதற்குள் கேட்பவரைப் பிடித்தாக வேண்டும். ஸ்டோன்ஸ் பிடித்தார்கள். ஆனால் அந்த வேகம் ஆல்பம் முழுக்கத் தொடர்கிறது. எல்லாக் கருவியும் எல்லா நேரமும் முன்வரிசையிலேயே நிற்கின்றன. பேருந்தில் இயர்போனோடு கேட்டால் கொண்டாட்டம். இரவு வீட்டில் உட்கார்ந்து கேட்டால் ஐந்தாவது பாட்டுக்குள் காது அலுத்துவிடும்.

விதிவிலக்கு கடைசி இரண்டு. ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் மெல்ல மறுபடி தொடங்கி, ஜாகரும் காகாவும் ஒருவரை ஒருவர் சீண்டி மேலே மேலே ஏற்றுகிறார்கள். அப்புறம் கடைசிப் பாட்டு. ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் 1950-ஆம் ஆண்டுப் பாடல், குழுவுக்குப் பெயர் கொடுத்ததே அதுதான்; அதை ஜாகரும் குழுவின் கிட்டார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸும் மட்டும் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒரு கிட்டார், ஒரு ஹார்மோனிகா, ஒரு குரல். விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகு திண்ணையில் இருவர் மட்டும் பேசிக்கொண்டிருப்பது போல. முழு ஆல்பத்தையும் இப்படியே செய்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

சரி, கேப்ரியல். அவர் செய்த வேலை நமக்கு உடனே புரியும்: பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பாட்டு வெளியிட்டார். 2023 ஜனவரி 6 தொடங்கி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பாடல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மிக்ஸ், அதாவது குரலையும் கருவிகளையும் கலக்கும் விதம் இரண்டு: ஸ்பைக் ஸ்டென்ட் செய்தது ‘பிரைட்-சைடு’, சாட் பிளேக் செய்தது ‘டார்க்-சைடு’. பௌர்ணமிக்கு ஒன்று, அமாவாசைக்கு மற்றது.

எங்கள் வீட்டு தினசரி காலண்டரில் வட்ட நிலா போட்ட தாள்தான் எனக்கு அறிவிப்பு. இரண்டாவது பாட்டு வந்தது தைப்பூசத்தன்று. ஐந்தாவது வந்தது மே 5, சித்ரா பௌர்ணமி. காலையில் தொலைக்காட்சியில் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கிக்கொண்டிருந்தார்; கையில் இருந்த போனில் வந்த பாட்டின் பெயர் ‘ஃபோர் கைண்ட்ஸ் ஆஃப் ஹார்சஸ்’, நான்கு வகைக் குதிரைகள். பௌத்தக் கதை ஒன்றிலிருந்து அவர் எடுத்த தலைப்பு. மதுரையைப் பற்றி அவர் யோசித்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டை எனக்கு இனி அந்தக் காலையிலிருந்து பிரிக்க முடியாது.

நான் முடிவெடுத்தது இந்த விஷயத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்ட்ரீமிங் காலத்தில் வயதான கலைஞனுக்குப் போட்டி இருபது வயதுப் பாடகர்கள் அல்ல. அவனுடைய இருபது வயதுதான். ‘ஹேக்னி டைமண்ட்ஸ்’ வெளியான வெள்ளிக்கிழமை முழுசாகக் கேட்டேன். 48 நிமிடம் முடிந்ததும் ஆப் தானாகவே அடுத்ததை ஓடவிட்டது. என்ன பாட்டு? அவர்களே 1966-ல் போட்ட ‘பெயின்ட் இட் பிளாக்’. அதற்கப்புறம் யார் புதிய பாட்டுக்குத் திரும்புவார்கள்? நான் திரும்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு யாருடையதோ வந்துவிட்டது. அறுபது ஆண்டுப் பாடல்கள் ஒரே அலமாரியில், ஒரே விலையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது புதிய பாட்டுக்குக் கிடைப்பது ஒரு வாரம். நல்ல பாட்டு என்பதால் அந்த வாரம் இரண்டு வாரம் ஆகாது. கடையில் கேசட் வாங்கிய காலத்தில் பிடிக்காத பாட்டைக்கூட, காசு கொடுத்துவிட்டோமே என்று பத்து தடவை கேட்போம். பத்தாவது தடவை பிடித்தும்விடும். அந்தப் பத்து தடவை இப்போது யாருக்கும் வாய்ப்பதில்லை.

கேப்ரியல் அந்தப் பத்து தடவையைத் திரும்பக் கொண்டுவந்தார். ‘ப்ளேயிங் ஃபார் டைம்’ மார்ச் பௌர்ணமிக்கு வந்தது. பியானோவில் மெதுவாகத் தொடங்கி, ஞாபகங்களையும் வயதையும் பற்றி முணுமுணுத்து, கடைசியில் இசைக்குழுவோடு பொங்குகிற பாட்டு. முதல் தடவை எனக்குத் தூக்கம் வந்தது. மொத்தமாக வந்த ஆல்பத்தில் இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். அடுத்த பௌர்ணமி வரை வேறு பாட்டு இல்லாததால் திரும்பத் திரும்பக் கேட்டேன். அமாவாசைக்கு வந்த இன்னொரு மிக்ஸைக் கேட்டு, என்ன வித்தியாசம் என்று மறுபடி பழையதைக் கேட்டேன். ஏப்ரல் வருவதற்குள் அது என் பாட்டாகிவிட்டது.

அக்டோபர் 28-ல் வந்தது ‘அண்ட் ஸ்டில்’. இறந்துபோன தன் அம்மாவுக்காக அவர் எழுதியது. அன்று பின்னிரவில் சந்திர கிரகணம். எங்கள் அம்மா சாப்பாட்டை சீக்கிரமே முடிக்கச் சொல்லி, பால், தயிர், ஊறுகாய் எல்லாவற்றிலும் தர்ப்பை கிள்ளிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். நான் ஒரு மணிக்கு மேல் மாடிக்குப் போனேன். நிலாவின் ஓரத்தில் மட்டும் யாரோ லேசாகக் கடித்திருந்தார்கள். காதில் செல்லோ. கீழே அம்மாவின் இருமல் கேட்டது. பாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் கேட்டேன்.

குறையும் உண்டு. ‘ரோட் டு ஜாய்’ அவருடைய எண்பதுகளின் ஆட்டப் பாடல்களுக்கு நகல். ‘லவ் கேன் ஹீல்’ ஒரு மாதம் கொடுத்தும் எனக்குள் இறங்கவில்லை. இரண்டு மிக்ஸ் என்பது சில பாடல்களில் இரண்டு கடை சாம்பார் மாதிரி தெளிவாகத் தெரிகிறது. சிலவற்றில் எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. பல ஸ்பீக்கர்களுக்கான மூன்றாவது மிக்ஸ் ஒன்றும் உண்டு. அதை நான் ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்டிருக்கிறேன் என்பதால் தீர்ப்பு சொல்லும் தகுதி இல்லை. முக்கியமான குறை: டிசம்பரில் ஆல்பம் வந்தபோது எனக்கு அதில் ஆச்சரியமே மிச்சமில்லை. அதே டிசம்பரில் முதல்முறை கேட்டவர்களுக்கோ 68 நிமிடமும் மொத்தமாகத் தலையில் விழுந்தது. பௌர்ணமிக் கணக்கு அந்த ஓர் ஆண்டு கூடவே நடந்தவர்களுக்கு மட்டும்தான். இப்போது வாங்குகிறவர்களுக்கு அது வெறும் நீளமான ஆல்பம்.

மேடையிலும் வித்தியாசம் தெரிந்தது. கேப்ரியல் மே மாதம் போலந்தின் கிராகோவில் பயணத்தைத் தொடங்கியபோது ஐந்து பாடல்கள்தான் வெளியாகியிருந்தன. மீதியில் பலவற்றை, கூட்டம் அதுவரை கேட்டே இராத பாடல்களை, துணிந்து பாடினார். ஸ்டோன்ஸ் 2024 பயணத்துக்கு இந்த ஆல்பத்தின் பெயரையே வைத்தார்கள். ஆனால் ஓர் இரவுக்கு அதிலிருந்து சில பாடல்களே. நேரில் இரண்டையும் பார்த்ததில்லை. பாட்டுப் பட்டியலை வைத்துத்தான் சொல்கிறேன். காசு கொடுத்து வரும் கூட்டம் எதைக் கேட்க வருகிறது என்று ஸ்டோன்ஸுக்குத் தெரியும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரி கிராமியில் சிறந்த ராக் ஆல்பம் விருது ஸ்டோன்ஸுக்குப் போனது. ‘ஐ/ஓ’ ஒலிப்பதிவு நேர்த்திக்கான விருதை வாங்கியது. இரண்டும் சரியான இடத்துக்கே போனதாகத் தோன்றியது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு: காரில் நெடுந்தூரம் போகிறீர்கள் என்றால் ஸ்டோன்ஸ். ‘ஐ/ஓ’ என்றால் முழுசாகப் போடாதீர்கள். மாதம் ஒன்று, முடியாவிட்டால் வாரம் ஒன்று.

என் நண்பர் அந்த டிசம்பரில் ஸ்டோன்ஸ் சிடி வாங்கினார். பொங்கலுக்கு மாற்றிக்கொண்டோம். என்னுடையதை மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். டார்க்-சைடு தட்டை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அவருடையது இன்னும் என் பிளேயருக்குள்தான் இருக்கிறது. கேட்டால், தட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.