சுவர்ப் பிளக்கில் ஏறும் சூடு: ஜெனரல் மோட்டார்ஸ், டெஸ்லா, ஃபோர்டு செய்த திருத்தங்கள் ஓர் ஒப்பீடு

மின்சாரக் கார் தீப்பிடித்தது என்ற செய்தியைக் கேட்டதும் நம் மனம் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிக்கிறது. ஆனால் 2012-க்கும் 2018-க்கும் இடையில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், டெஸ்லா, ஃபோர்டு ஆகிய மூன்று நிறுவனங்கள் மாற்றிக் கொடுக்க நேர்ந்த ஒரு பொருளுக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இல்லை. அது காருடன் சேர்த்தே தரப்படும் வீட்டுச் சார்ஜிங் கேபிள். கேபிள் என்று சொல்வதும் சற்றுப் பிழைதான். சூடேறியது பெரும்பாலும் கம்பியின் நீளத்தில் அன்று, பிளக்கின் முள்ளும் சுவர்ச் சாக்கெட்டின் உலோக நாக்கும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் சிறிய இடத்தில். அந்த ஒரே இடத்துக்கு மூன்று நிறுவனங்களும் வெவ்வேறு வைத்தியம் பார்த்தன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது நோயைத் தொட்டது, எது காய்ச்சலை மட்டும் தணித்தது என்பது தெரியவரும்.

நோய் இன்னதென்று முதலில் பார்த்துவிடலாம். ஓர் இணைப்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் அந்த இணைப்பின் மின்தடைக்கும் ஏற்ப உயர்கிறது. தளர்ந்துபோன ஒரு சாக்கெட்டில் 0.02 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். கையில் உள்ள சாதாரண மீட்டரில் இது கண்ணுக்கே படாது. அதன் வழியே 40 ஆம்பியர் ஓடினால் 32 வாட் வெப்பம் பிறக்கும். வானொலி பழுதுபார்ப்பவரின் சிறிய சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்தால், பிளாஸ்டிக் உறைக்குள் என்ன நடக்கிறது என்பது விளங்கும். இஸ்திரிப் பெட்டியும் வாட்டர் ஹீட்டரும் அதே போன்ற சாக்கெட்டில்தான் வேலை செய்கின்றன என்று வாதிடலாம். ஆனால் அவை சிறிது நேரம் ஓடி ஓய்ந்துவிடுகின்றன, காரோ இரவு முழுவதும் இறங்காத சுமையாக எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சூடுபட்ட உலோக நாக்கு விறைப்பை இழக்கிறது, அதன் மேற்பரப்பு கறுக்கிறது, தடை மேலும் கூடுகிறது, மறுநாள் இரவு இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சூடேறுகிறது. இதில் மின்னோட்டம் ஒருபோதும் அளவைத் தாண்டாததால் சர்க்யூட் பிரேக்கர் விழுவதில்லை. மின்கசிவு எதுவும் இல்லாததால் கசிவைக் கண்டறியும் சாதனமும் அசைவதில்லை. வீட்டில் இருக்கும் வழக்கமான காவலர்கள் இருவருமே காண முடியாத குற்றம் இது.

ஜெனரல் மோட்டார்ஸ்தான் முதலில் இதை எதிர்கொண்டது. செவ்ரலே வோல்ட் காருடன் (காரின் பெயரும் மின்னழுத்த அலகின் பெயரும் ஒன்றாக அமைந்துவிட்டது எழுதுபவனுக்குத் தொல்லை) தரப்பட்ட 120 வோல்ட் கேபிள்கள் சூடேறுவதாகப் புகார்கள் வந்ததையடுத்து, 2012 மார்ச்சில் சுமார் 9,500 கார்களுக்கு மேம்படுத்திய கேபிள்களைத் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதை முறையான பாதுகாப்புத் திரும்பப் பெறுதலாக அது பதிவு செய்யவில்லை. வாடிக்கையாளர் திருப்திக்கான நடவடிக்கை என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டது. புதிய கேபிளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டு நடந்த ஒரு சிறிய மாற்றம். 2013 மாடல் வோல்ட், வீட்டுச் சாக்கெட்டில் செருகப்படும்போது தானாக 8 ஆம்பியர் மட்டுமே எடுத்தது. பழையபடி 12 ஆம்பியர் வேண்டுமென்றால் ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் திரையில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும்போது இணைப்பில் பிறக்கும் வெப்பம் பாதிக்கும் கீழே, சுமார் 44 விழுக்காடாக இறங்குகிறது. விலையாகக் கொடுத்தது நேரம்: பத்து மணி நேரத்தில் நிரம்பிய பேட்டரிக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. நல்ல சாக்கெட் வைத்திருந்தவர்களையும் இது தண்டித்ததால் வோல்ட் உரிமையாளர்கள் முணுமுணுத்தார்கள். முரட்டு வைத்தியம்தான், எனினும் எந்த உணரியும் இல்லாத ஒரு கேபிளில் இதைவிட நம்பகமான பாதுகாப்பு வேறில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டெஸ்லாவின் சிக்கல் அளவில் பெரியது, ஏனெனில் மாடல் எஸ் கார் 240 வோல்ட் சாக்கெட்டிலிருந்து 40 ஆம்பியர் வரை எடுத்தது. அமெரிக்க வீடுகளில் மின்அடுப்புக்கும் பயண வண்டிகளுக்கும் வைக்கப்படும் நெமா 14-50 என்ற நான்கு துளைச் சாக்கெட்டே அதற்குப் பயன்பட்டது. அந்த வகைச் சாக்கெட்டுகளில் மலிவானவை, அடுப்பை ஒருமுறை செருகி ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடும் பயன்பாட்டை நினைத்துச் செய்யப்பட்டவை. 2013 நவம்பரில் கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் மாடல் எஸ் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக் கேரேஜில் தீப்பிடித்தது, யாருக்கும் காயமில்லை. சுவர்ச் சாக்கெட்டிலோ சார்ஜிங் கேபிளிலோ ஏற்பட்ட உயர்தடை இணைப்பே காரணமாக இருக்கக்கூடும் என்று ஆரஞ்சு கவுண்டி தீயணைப்புத் துறை கருதியது; காரும் கேபிளும் ஒழுங்காகவே வேலை செய்தன, கோளாறு வீட்டு வயரிங்கில்தான் என்று டெஸ்லா மறுத்தது. மறுத்துக்கொண்டே அது இரண்டு காரியங்களைச் செய்தது என்பதுதான் சுவையான செய்தி.

முதலாவது மென்பொருள். உள்வரும் மின்சாரத்தில் வழக்கத்துக்கு மாறான ஏற்ற இறக்கங்களைக் கார் கண்டால், சார்ஜிங் மின்னோட்டத்தைத் தானாகவே 25 விழுக்காடு குறைத்துக்கொள்ளும் வகையில் ஒரு புதுப்பிப்பைத் தொலைவிலிருந்தே அனுப்பியது. கால் பங்கு குறைப்பு சிறிதாகத் தோன்றினாலும் வெப்பம் 56 விழுக்காடாக இறங்கும். இரண்டாவது, வெப்ப ஃபியூஸ் பொருத்திய புதிய அடாப்டர், அதாவது கேபிளைச் சுவர்ச் சாக்கெட்டில் செருக உதவும் முனைத் துண்டு. சூடு எல்லையைத் தாண்டினால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் உருகி இணைப்பைத் துண்டித்துவிடும். 2014 ஜனவரியில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதை 29,222 கார்களுக்கான திரும்பப் பெறுதலாகப் பதிவு செய்தது. எந்தக் காரும் பணிமனைக்கு வரவில்லையே, பிறகு எதற்கு அந்தச் சொல் என்று ஈலோன் மஸ்க் ட்விட்டரில் குறைபட்டுக்கொண்டார். அவர் கேள்வி மேலோட்டமாக நியாயம்போல் தெரிந்தாலும், அந்தச் சொல் காரை இழுத்து வருவதைக் குறிப்பதற்காக மட்டும் இருப்பதன்று. குறைபாடு அரசுப் பதிவேட்டில் ஏறுவதும், உரிமையாளருக்குக் கடிதம் போவதும், செலவில்லாமல் திருத்தம் கிடைப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியவை. ஜெனரல் மோட்டார்ஸ் 2012-இல் தவிர்த்துக்கொண்டதும் அதையேதான்.

இந்த இரண்டு திருத்தங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மென்பொருளின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிகின்றன. அது ஒரே வாரத்தில் எல்லாக் கார்களையும் எட்டக்கூடியது. கடிதத்தைப் பிரிக்காத உரிமையாளரின் காரும் தப்புவதில்லை. ஆனால் கார் சாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை, மின்னழுத்தத்தைக் கொண்டு ஊகிக்கிறது. மேலே சொன்ன 0.02 ஓம் இணைப்பில் 40 ஆம்பியர் ஓடும்போது இழக்கப்படும் அழுத்தம் 0.8 வோல்ட் மட்டுமே. 240 வோல்ட்டில் அது அண்டை வீட்டு ஏசி ஓடத் தொடங்கினாலே நிகழக்கூடிய அசைவு. ஆகவே ஆடிக்கொண்டிருக்கும் தளர்ந்த இணைப்பை மென்பொருள் பிடித்துவிடும். ஆடாமல் அமைதியாகச் சூடேறும் இணைப்பு அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஃபியூஸ் இதற்கு நேர் எதிர்: அது ஊகிப்பதில்லை, தன்னைத் தொட்ட வெப்பத்துக்கே பதில் சொல்கிறது. ஆனால் அதற்கு எச்சரிக்கத் தெரியாது. உருகும் கணம் வரை மௌனமாக இருந்து, உருகியபின் அடாப்டரையே குப்பைக்கு அனுப்புகிறது.

2016 நவம்பரில் டெஸ்லா மறுபடியும் அடாப்டர்களைத் திரும்பப் பெற்றது. இம்முறை நெமா 14-30, 10-30, 6-50 ஆகிய மூன்று வகைகள், ஏறக்குறைய 7,000. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் வெல்டிங் இயந்திரத்துக்கும் வைக்கப்படும் சாக்கெட்டுகளுக்கானவை அவை. சூடேறியதாக வந்த புகார்கள் இரண்டே இரண்டு, காயமோ தீயோ இல்லை. இங்கே தொழில்நுட்பத் திருத்தம் என்று எதுவும் இல்லை. பயன்படுத்துவதை நிறுத்துங்கள், வேறு தருகிறோம் என்பதுதான் மருந்து. கவனிக்கத்தக்கது ஒன்று: 14-30 வகை 24 ஆம்பியருக்கு மேல் எடுப்பதில்லை, 40 ஆம்பியர் எடுக்கும் 14-50 வகையோ இந்தப் பட்டியலில் இல்லை. குறைந்த சுமை தாங்கிய பொருள் சூடேறியதென்றால், இம்முறை பழியை வீட்டுச் சுவரின்மேல் போட முடியாது.

ஃபோர்டு 2018 ஆகஸ்டில் செய்ததுதான் இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் தாமதமானதும் அதுவே. 2012 முதல் 2015 வரையிலான ஃபோகஸ் எலெக்ட்ரிக், 2013 முதல் 2015 வரையிலான ஃபியூஷன் எனர்ஜி, சி-மேக்ஸ் எனர்ஜி ஆகிய மாடல்களுடன் தரப்பட்ட 120 வோல்ட் கேபிள்கள், வட அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவை, திரும்பப் பெறப்பட்டன. தனிச் சர்க்யூட்டில் இல்லாத அல்லது தேய்ந்து, துருப்பிடித்துப்போன சாக்கெட்டில் இவற்றைச் செருகினால் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று நிறுவனமே விளக்கியது. அதாவது கோளாறின் பெரும்பகுதி வாடிக்கையாளரின் சுவரில் இருந்தபோதும், அதைக் கண்டுகொள்ளாத கேபிளைக் கொடுத்தது தன் குறை என்று ஃபோர்டு ஏற்றுக்கொண்டது. மாற்றாகத் தந்த கேபிளின் சுவர்ப் பிளக்கில் ஒரு வெப்ப உணரி இருந்தது. சாக்கெட்டில் வெப்பநிலை மிகுந்தால் அது சார்ஜிங்கை நிறுத்திவிடும், ஆறியபின் கேபிள் மறுபடி பயன்படும். மின்னழுத்தத்தை வைத்து ஊகிக்கும் வேலையும் இல்லை, உருகி வீணாகும் சேதமும் இல்லை, நல்ல சாக்கெட் உள்ளவரை எட்டு ஆம்பியரில் காக்க வைக்கும் அநீதியும் இல்லை. 2017 இறுதியில் வந்த டெஸ்லாவின் இரண்டாம் தலைமுறைக் கேபிளும் அடாப்டருக்குள்ளேயே வெப்ப உணரியை வைத்தது, உச்ச மின்னோட்டத்தையும் 40-இலிருந்து 32 ஆம்பியருக்கு இறக்கியது. வெவ்வேறு வழியில் புறப்பட்டவர்கள் ஒரே ஊரில் வந்து சேர்ந்ததுபோல் இருக்கிறது.

ஆனாலும் உணரிக்கு ஓர் எல்லை உண்டு. அது தான் இருக்கும் பிளக்கின் சூட்டைத்தான் அறியும். அமெரிக்க வீடுகளில் ஒரே சர்க்யூட்டில் பல சாக்கெட்டுகள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பது வழக்கம். காருக்குப் போகும் 12 ஆம்பியரும் முன்னால் இருக்கும் சாக்கெட்டுகளின் முனைகளைக் கடந்துதான் வருகிறது. அடுத்த அறையின் சோபாவுக்குப் பின்னால் உள்ள ஒரு தளர்ந்த முனை கருகிக்கொண்டிருக்கும்போதும் கேரேஜில் உள்ள பிளக் குளிர்ச்சியாகவே இருக்கலாம். தனிச் சர்க்யூட் வேண்டும் என்று ஃபோர்டு வலியுறுத்தியதன் பொருள் இதுதான்.

பிளக்கைக் காப்பதற்குப் பதிலாகச் சாக்கெட்டை மாற்றும் வழியும் உண்டு. ஐரோப்பா பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பிரான்சில் சாதாரண சாக்கெட்டில் காரின் கேபிள் சுமார் 8 ஆம்பியருடன் நின்றுவிடும். லெக்ராண்ட் நிறுவனத்தின் கிரீன்அப் என்ற வலுவூட்டிய சாக்கெட்டில் செருகினால், அதற்குள் இருக்கும் காந்தத்தை உணர்ந்து 14 ஆம்பியர் வரை எடுக்கும். சாக்கெட் தன் தகுதியைத் தானே அறிவித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாருக்கும் பொதுவாக விதித்த மெதுவை, தகுதியில்லாத சாக்கெட்டுக்கு மட்டும் உரியதாக ஆக்குகிறது. பிரிட்டனில் நீண்ட நேரச் சுமைக்குச் சோதிக்கப்பட்ட சாக்கெட்டின் பின்புறத்தில் மின்சாரக் காருக்குரியது என்ற குறி இருக்கும்; அங்கே மனிதர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், கார் தெரிந்துகொள்வதில்லை.

பிளக்கே இல்லாமல் கம்பியை நேரடியாக முடுக்கிச் சுவரில் பொருத்தும் சார்ஜர் இவை எல்லாவற்றையும்விட மேலானது என்பதே என் கருத்து. செருகிப் பிடுங்கும் இணைப்பு ஒன்று அடியோடு இல்லாமல் போகிறது. அங்கும் முனைத் திருகுகள் உண்டு, அவை சரியாக முடுக்கப்படாவிட்டால் அதே 0.02 ஓம் கதை சார்ஜருக்குள் தொடங்கிவிடும். உற்பத்தியாளர் முறுக்குவிசையைக் குறிப்பிட்டிருந்தால் அதை அளக்கும் கருவிகொண்டே முடுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பு 2017 பதிப்பில் சேர்த்தது. செலவும் எலெக்ட்ரீஷியனும் வீட்டுக்காரரின் சம்மதமும் தேவைப்படுவதால், வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது எட்டாத தேர்வு. அவருக்கு உணரி பொருத்திய பிளக்கும், திரையில் குறைத்து வைத்த ஆம்பியரும் சேர்ந்த கூட்டே பொருத்தம்.

இங்கே அலசிய அத்தனை ஏற்பாடுகளையும் ஒரே அடியில் வீணாக்கும் பொருள் ஒன்று எல்லார் வீட்டிலும் கிடக்கிறது: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். காரின் பிளக்கை அதில் செருகினால் உணரி காவல் காப்பது தரையில் கிடக்கும் அந்தப் பெட்டியின் துளையைத்தான். சுவருக்குள் செருகப்பட்டிருப்பதோ எந்த உணரியும் ஃபியூஸும் இல்லாத வேறொரு பிளக்.