பம்பா, ஒயரா, ஏரா? நின்று நின்று ஓடும் பழைய டீசல் பிக்கப்

கோயம்பேட்டில் ஒழுங்காக ஓடும் வண்டி, லோடோடு கத்திபாரா மேம்பாலம் ஏறும்போது ஆஃப் ஆகிவிடும். ஓரம் கட்டி ஐந்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். என்னுடையது பழைய ரோட்டரி பம்ப் (எஞ்சினுக்கு டீசலை அழுத்திக் கொடுக்கும் பம்ப்) பிக்கப். மெக்கானிக் "பம்பை இறக்கணும் சார்" என்றார், எலக்ட்ரீஷியன் "ஒயர்தான்" என்றார். வண்டி நின்றபோது இரண்டு பேருமே உள்ளே இல்லை.

உள்ளே இருப்பவருக்குத்தான் முதல் துப்பு கிடைக்கும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் பாருங்கள். இழுவை குறைந்து, குலுங்கி, ரேஸ் ஏறி இறங்கி நின்றால் டீசல் பக்கம். (கம்ப்யூட்டர் டீசலை அளந்து கொடுக்கும் காமன் ரெயில் வண்டி என்றால் கதை வேறு. அங்கே எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் சூடானதும் மக்கர் செய்யலாம். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதுதான் வழி.)

கரண்ட் பக்கம் முக்கியப் புள்ளி பம்பில் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டு, அதாவது கரண்டில் வேலை செய்யும் வால்வு. அதற்கு 12 வோல்ட் வந்துகொண்டிருந்தால்தான் டீசலுக்கு வழி திறக்கும். சந்தேகம் வந்தால் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. சாவியை எடுத்தாலும் வண்டி அணையாது, ஃப்யூஸ் போடாமல் ஒயர் எங்காவது உரசினால் தீப்பிடிக்கும். அதைவிட, சொலினாய்டு ஒயரிலிருந்து டேஷ்போர்டுக்கு ஒரு சின்ன பல்பு கொடுங்கள், ஃப்யூஸோடுதான். வண்டி நிற்கும் நொடியில் பல்பும் அணைந்தால் ஒயர், ஃப்யூஸ், சாவி சுவிட்ச் ஆகியவற்றைத் தேடலாம். எரிந்துகொண்டே இருந்தால் ஒயரிங் மீது பழி இல்லை.

என் பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

டீசல் பக்கம் போட்டி அடைப்புக்கும் ஏருக்கும்தான் (லைனுக்குள் புகும் காற்று). அடைப்பு என்றால் லோடில் இழுக்காது, ஐடிலில் சாதுவாக இருக்கும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். நின்றதும் மூடியைத் திறந்து "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கிறதா என்று கேளுங்கள், செலவில்லை. மழைக்காலத்தில் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் ஃபில்டர் அடியில் தண்ணீர் வடித்துப் பார்ப்பதற்கும் செலவில்லை.

ஏர்தான் கள்ளன். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் டீசலை உறிஞ்சுவதால், அங்கே ஓட்டை இருந்தாலும் பெரும்பாலும் டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் கறை தேடினால் ஏமாந்துபோவோம். காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பதும், டேங்க் பாதிக்குக் கீழே போனதும் தொல்லை கூடுவதும் இதன் அடையாளம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். ஃபில்டர் மாற்றியதும் கொஞ்ச நேரம் குமிழி வருவது சகஜம். விடாமல் வந்தால் ஏர் பிடிக்கிறது.

குமிழி தெரிந்த பிறகும் மெக்கானிக் பம்பை விடவில்லை. அதனால் லோடு பாடியில் ஒரு டீசல் கேனை இறுக்கிக் கட்டி, சப்ளை, ரிட்டர்ன் (மிச்ச டீசல் திரும்பும் லைன்) இரண்டையும் சைலன்சர் பக்கம் போகாமல் அதிலேயே விட்டோம். டேங்க், பழைய லைன், ஃபில்டர் எல்லாம் ஒரே அடியில் வெளியே. அதே மேம்பாலத்தில் இரண்டு முறை ஏறினோம், நிற்கவில்லை.

டேங்க் மேல் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் விரிசல். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. வண்டி சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கிய ஒரு முழம் ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டேன். பம்ப் இன்னும் அதன் இடத்திலேயே இருக்கிறது.