புளூ-ரேயை இப்போதே வாங்குவதா, 4கே வரும்வரை காத்திருப்பதா?

பழைய படமொன்று மீட்டெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தவுடனேயே, அதன் 4கே இறுவட்டு (புளூ-ரேயைவிட நுணுக்கமான படம் தரும் புதிய வகை) எப்போது வரும் என்ற ஊகம் வெள்ளவத்தைப் பக்கத்துச் சினிமா ரசிகர்களிடையே சூடுபிடித்துவிடுகிறது. முந்தைய உயர்தர இறுவட்டான புளூ-ரேயை வாங்கிவிடுவோரின் நியாயம் எளிது: விலை குறைவு, படமும் உடனே கைக்கு வரும். ஆனால் கொழும்பிலிருப்பவருக்குச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. செவ்வியல் படங்களை இறுவட்டாக வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனத்தின் புளூ-ரேகள் ‘ஏ’ வலயத்துக்குப் பூட்டப்பட்டவை; அதாவது, அமெரிக்கா உள்ளிட்ட அந்த வலயத்து நாடுகளுக்கான கருவிகளில் மட்டுமே ஓடும். தெற்காசியாவுக்குரிய ‘சி’ வலயக் கருவியில் இட்டால் திரையில் எச்சரிக்கை வாசகம் மட்டுமே தோன்றும். 4கே இறுவட்டுக்கோ வலயப் பூட்டே கிடையாது. 100 ஜிபி வரை கொள்வதால் படச்சுருளின் இயல்பான துகள்களும் இருண்ட காட்சிகளின் நுணுக்கமும் கூடுதலாகத் தங்குகின்றன. (பெட்டிக்குள் கூடவே வரும் புளூ-ரே மட்டும் ‘ஏ’ வலயத்ததுதான், பேட்டி போன்ற துணைப்படங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும் என்பது எரிச்சலூட்டும் விடயம்.) சத்யஜித் ராயின் அபு முப்படங்கள் 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்டும், 2015இல் புளூ-ரேயாகவே வந்து, பல ஆண்டுகள் கழித்தே 4கே இறுவட்டாயின என்பதால், காத்திருப்பு நீளக்கூடும். எல்லா வலயத்தையும் ஏற்கும் கருவி வைத்திருப்பவர் தயங்காமல் புளூ-ரேயை வாங்கலாம்; மற்றவர்கள் அந்தப் பணத்தை 4கே கருவிக்குச் சேர்த்து வைப்பதே மேல்.