நின்றுபோன பழைய பைக்: ஸ்பிரே அடிப்பதா, கழற்றிக் கழுவுவதா, புது கார்புரேட்டரா?

வெளியூர் வேலை, மழைக்காலம், வீட்டுக்குப் புது ஸ்கூட்டர் வந்துவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தால் நாலைந்து மாதம் மூலையில் நின்ற பழைய பைக் கிக்கருக்கு அவ்வளவு லேசில் மசியாது. அக்கம்பக்கத்தில் மூன்று யோசனை சொல்வார்கள். கார்ப் கிளீனர் ஸ்பிரே வாங்கி அடி. கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) கழற்றிக் கழுவு. பேசாமல் புதுசு ஒன்றை மாட்டு. என் ஓட்டு இரண்டாவதுக்கு.

அதற்கு முன்னால், கோளாறு கார்புரேட்டரில்தானா என்று பார்த்துவிட வேண்டும். சோக் (காற்றைக் குறைத்து பெட்ரோலின் பங்கைக் கூட்டும் லீவர்) போட்டுப் பத்துப் பதினைந்து கிக் அடித்துவிட்டு, எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி தரும் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் ஒன்று ஸ்பார்க் இல்லை, இல்லையென்றால் ஓவர்ஃப்ளோ, அதாவது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. ஸ்பார்க் பார்க்க, பழைய பிளக்கை மறுபடி முறுக்கிவிட்டு வேறொரு பிளக்கை கேப்பில் சொருகி, எஞ்சின் உடம்பில் படவைத்துக் கிக் அடிப்பது நல்லது. பிளக் ஓட்டையைத் திறந்து வைத்தால் பெட்ரோல் ஆவி வெளியே வரும். பக்கத்திலேயே நெருப்புப் பொறி பறக்கும்.

ஸ்பார்க் இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் சரி, இனி ஒப்பிடலாம்.

ஸ்பிரேயில் சௌகரியம் உண்டு. ஏர் ஃபில்டர் பக்கமாகக் கொஞ்சம் அடித்துக் கிக் பண்ணினால் எஞ்சின் சில விநாடி உறுமும். கார்புரேட்டர் சுத்தமாகிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஸ்பிரேயே எரியக்கூடிய திரவம். எஞ்சின் ஓடியது அதைக் குடித்துத்தான். ஆகவே இதைச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம், வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். ரப்பர் ஓ-ரிங்கில் அடிக்கடி பட்டால் அது ஊதிப்போகும், பெயின்ட்டில் பட்டால் கறை விழும்.

கழற்றிக் கழுவுவது ஏன் மேல்? பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போனதும் மிச்சம் வார்னிஷ் மாதிரிப் பிசினாகப் படியும். முதலில் அடைபடுவது பைலட் ஜெட், அதாவது எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் அணைகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஜெட்தான். வெளியிலிருந்து அடிக்கும் ஸ்பிரே காய்ந்த பிசினை அங்கே முழுதாகக் கரைப்பது அபூர்வம். அடியில் உள்ள ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்து, ஜெட்டைக் கழற்றி ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. ஊசி, குண்டூசி வேண்டாம். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் மைலேஜ் போச்சு. தேவைப்பட்டால் மின்ஒயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். கிண்ணத்து கேஸ்கெட்டை மட்டும் புதிதாகப் போடுங்கள்.

அப்புறம் டேங்க். அதை விட்டுவிட்டு கார்புரேட்டரை மட்டும் கழுவுவது பாதி வேலை. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சிறிது நேரம் வைத்தால் இரண்டு அடுக்கு தெரியும். தெரிந்தால் டேங்க் மொத்தத்தையும் வடித்துவிடுங்கள்.

புது கார்புரேட்டர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய வண்டிக்கு அசல் கிடைப்பதே கஷ்டம். கடையில் வருவது பல நேரம் டூப்ளிகேட். ஜெட் அளவு சரியாக அமையாவிட்டால் ஐட்லிங் நிற்காது, பிக்கப் திணறும், நீங்கள் திரும்பத் திரும்ப ஸ்க்ரூ திருப்பிக்கொண்டே இருப்பீர்கள். பழைய கார்புரேட்டரில் ஸ்லைடு (ஆக்சிலரேட்டர் திருகும்போது மேலும் கீழும் நகரும் துண்டு) தேய்ந்து ஆடினாலோ, உடம்பில் விரிசல் விட்டிருந்தாலோ மட்டும் இந்தச் செலவு நியாயம்.

பேட்டரியிலும் இதே வாக்குவாதம் உண்டு: சார்ஜ் போடுவதா, புதுசா? அதற்கு முன், உங்கள் வண்டிக்கு அது அவசரமா என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 100 போன்றவற்றின் இக்னிஷன் (ஸ்பார்க் தரும் அமைப்பு), எஞ்சின் சுழலும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோவிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். பேட்டரி செத்திருந்தாலும் கிக்கில் ஓடும். பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக கரண்டைத் துண்டித்துச் சேர்க்கும் சுவிட்ச்) வைத்த பழைய புல்லட்டுக்கு பேட்டரி நல்ல நிலையில் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போட்டு, ஒரு ராத்திரி தனியே வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 பக்கம் நின்றால் இன்னும் ஓடும். சார்ஜுக்குப் பிறகும் 10.5-ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு செல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் சார்ஜரில் தொங்கவிடுவது கரண்ட் பில்லுக்குத்தான்.