மூன்றாண்டுகள், ஒரு டிடெக்டர், ஒரு பொய்ச் சத்தம்

என் தங்கம் தேடும் டிடெக்டரிலிருந்து பழுதுபார்க்கக் கொடுத்திருந்த காயில், அதாவது தரைமேல் ஆட்டும் தட்டு, ஐந்து வாரங்கள் கழித்து இம்மாதம்தான் கைக்கு வந்தது. அதே வாரத்தில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோ நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர், நான் வைத்திருக்கும் டிடெக்டரின் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா, எவ்வளவு ஆழம் வரை பிடிக்கும் என்று கேட்டிருந்தார். மெல்பர்னிலிருந்து இரண்டரை மணி நேரம் காரோட்டிப் போய், டனோலி, மோலியாகல், டார்னகல்லா காடுகளில் அந்தக் கருவியோடு மூன்றாண்டுகள் அலைந்தவன் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு கருவி. அதில் கண்ட குறையை அந்த மாடல் முழுவதன் தலையிலும் கட்டுவது நியாயமாகாது.

ஆழத்தைப் பற்றிய கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன், பெரிய கட்டிகளே மேலாகத்தான் கிடந்திருக்கின்றன. 1869-இல் மோலியாகலில் கிடைத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர், 70 கிலோவுக்கு மேல் சுத்தத் தங்கம் தேறிய அந்தக் கட்டி, ஒரு மரத்தடியில் தரைக்குக் கீழே சுமார் 3 சென்டிமீட்டரில்தான் கிடந்தது. 1980-இல் கிங்கோவர் அருகே டிடெக்டர் வைத்தே கண்டெடுத்த 27 கிலோ ஹேண்ட் ஆஃப் ஃபெயித் ஏறத்தாழ ஓரடி ஆழத்தில் இருந்தது. விலையும் எதற்கும் உறுதியில்லை: 2023-இல் இதே விக்டோரியாவில் ஒருவர் சுமார் 1,200 டாலர் விலையுள்ள கருவியைக் கொண்டு, 2.6 கிலோ தங்கம் பொதிந்த 4.6 கிலோ கல்லைத் தோண்டி எடுத்தார். நான் கொடுத்த விலை அதைப்போல ஐந்து மடங்கு. என் மூன்றாண்டு விளைச்சல் 18.6 கிராம். இரண்டே கால் பவுனுக்குச் சற்று மேல் என்று அம்மாவிடம் சொன்னபோது, பெட்ரோல் செலவைக் கழித்தாயா என்று மட்டும் கேட்டார்.

விலை அதிகமான பல்ஸ் இண்டக்ஷன் வகையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்த மண். இரும்பு ஏறிச் சிவந்த தரையில், தொடர்ந்து அலை அனுப்பிக்கொண்டே கேட்கும் வி.எல்.எஃப் (மிகத் தாழ் அதிர்வெண்) கருவிகளுக்கு மண்ணே பதில் கொடுத்துக் குழப்பும். பல்ஸ் வகை ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு நிறுத்தி, உலோகத்தில் எழுந்த மின்னோட்டம் அடங்கும் அந்தக் கணநேரத்தில் காது கொடுப்பதால், மண்ணின் இரைச்சலைப் பெருமளவு விலக்கிவிடுகிறது. இந்த விஷயத்தில் என் கருவியை மனதாரப் பாராட்டுகிறேன், வி.எல்.எஃப் கருவியோடு வந்த நண்பர் கைவிட்டு வெளியேறிய இரும்புக்கல் சரிவுகளில் இது அமைதியாக வேலை செய்தது. ஆனால் இவ்வகைக்கு இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்லும் திறன் மிகக் குறைவு. ஆகவே கேட்ட ஒவ்வொரு சத்தத்தையும் தோண்டித்தான் ஆகவேண்டும். தோண்டிய குழியை மூடுவது தங்கம் தேடும் உரிமத்தின் நிபந்தனை என்பதால் வேலை இரட்டிப்பு. துப்பாக்கி ரவை, பூட்ஸ் ஆணி, தகர டப்பாவின் துணுக்கு என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைந்துவிட்டது. தங்கம் ஒரு மருந்துக் குப்பியின் அடியைத்தான் மறைக்கிறது.

இதில் எனக்குக் குறையில்லை. குறை வேறு.

ஹெட்போனில் எந்நேரமும் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டிருக்கும். அரிசி மணியளவு தங்கம் கீழே இருந்தால், அது மணியடித்துச் சொல்லாது. அந்த ரீங்காரம் தம்புராவின் ஒரு தந்தி நெகிழ்ந்ததுபோல லேசாக ஏறி இறங்கும், அவ்வளவுதான். அந்த நெளிவைக் கேட்கப் பழகுவதற்கே எனக்கு ஓராண்டு பிடித்தது. பழகிய பிறகுதான் வந்தது வினை. காயிலின் ஓரம் காய்ந்த புல்தண்டிலோ வெங்கச்சங்கல்லிலோ உரசினால், அதே நெளிவு, அச்சு அசலாக, ஒன்றுமில்லாத தரையிலும் கேட்கத் தொடங்கியது. குறுக்காக ஒருமுறை ஆட்டினால் மெய்யான சத்தம் அதே இடத்தில் நிற்கும், பொய் நிற்காது என்பது விதி. ஆனால் மிகச் சிறிய தங்கமும் ஒரு திசையில் கேட்டு மறு திசையில் மறைவதுண்டு.

கடையில் காட்டியபோது, கருவியில் பழுதில்லை, நீங்கள் ஆட்டும் முறைதான் சரியில்லை என்றார்கள். நானும் நம்பினேன். ஒன்றரை ஆண்டு என் மணிக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிறு நெளிவுகளைப் பொய்யென்று தள்ளிவிட்டு நடக்கவும் கற்றுக்கொண்டேன். கடைசியில் வேறொருவரிடம் கொடுத்தபோது, காயிலுக்குள் கேபிள் சேருமிடத்தில் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தபடியால் 340 டாலர் கைக்காசு.

சென்ற சனிக்கிழமை டனோலிக்கு வெளியே, மார்ச் மாதம் ஒருநாள் முழுக்கத் தேடியிருந்த அதே பழைய தோண்டல் மேட்டுக்குப் போனேன். நடந்த பாதை தெரிவதற்காக அன்று காலணியால் கிழித்த கோடுகள், கருகிய அடிமரம் ஒன்றின் அருகே இன்னும் மங்கலாகத் தெரிந்தன. ஒரு கோட்டின் மேலேயே ரீங்காரம் நெளிந்தது. சருகை ஒதுக்கினேன், சத்தம் மறையாமல் அதே இடத்தில் நின்றது. இரண்டங்குலம் தோண்டினேன், வலுத்தது. குந்தாலியில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் குழியில் விட்டுப் பார்த்ததில் எதுவும் பற்றவில்லை. பிளாஸ்டிக் கரண்டியில் மண்ணை அள்ளி, பாதியைக் கொட்டி, மீதியைக் காயில்மேல் காட்டி, மறுபடி பாதியாக்கி, கடைசியில் ஒரு சிட்டிகையைக் காயில்மேல் தூவியபோது ஒரு துணுக்கு மட்டும் கனத்து விழுந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். ஒரு பக்கத்தில் இரும்புக்கல் ஒட்டிய, 0.7 கிராம் தங்கம்.

மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. இதே கோட்டில் இதே நெளிவை மார்ச் மாதம் கேட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். அதற்கு முந்தைய கோடுகளில் எத்தனையை இப்படித் தாண்டினேனோ!

ஆகவே நண்பருக்கு என் பதில்: மண்ணை இவ்வளவு நன்றாகச் சமாளிக்கும் கருவியை நான் பயன்படுத்தியதில்லை, ஆனாலும் வாங்காதீர்கள். விலை குறைந்த மயக்கத்தில் வாங்கியே தீருவதென்றால், கடையிலேயே ஹெட்போனை மாட்டி, உணர்திறனைக் கூட்டிவைத்து, காயிலின் ஓரத்தைச் சுற்றிலும் விரலால் தட்டிப் பாருங்கள்; கேபிளை நுழைவாயிலில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ரீங்காரம் ஓரிடத்தில் நெளிந்தாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னுடையதைப் பாதி விலைக்குத் தருவீர்களா என்றும் கேட்டிருந்தீர்கள். தரமாட்டேன். வரும் சனிக்கிழமை மோலியாகலுக்குப் போகிறேன், என் பழைய கோடுகளின் மேலேயே நடப்பதற்கு.